வாங்கும் கை, வாசிக்கும் பொழுது

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் 25 நூல்களோடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது பெரிய எண்ணிக்கை அல்ல. இரண்டு கட்டைப்பைகளில் அடங்கிவிடும். நூலுக்குச் சராசரியாக 250 பக்கம் என்றால் மொத்தம் 6,250 பக்கம். வேலைக்குப் போய்வந்து, வீட்டுக் காரியங்களையும் பார்த்துக்கொண்டு, நாள் தவறாமல் 20 பக்கம் படிப்பவரை நல்ல வாசகர் என்றே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கே அந்த இரண்டு பைகளையும் முடிக்க 312 நாளுக்கு மேல் ஆகும். பொங்கலை ஒட்டி ஜனவரியில் வாங்கியவை நவம்பர் கடைசியில்தான் தீரும். அதற்குள் காய்ச்சல் வரக் கூடாது, வீட்டில் கல்யாணம் வரக் கூடாது, பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வரக் கூடாது, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரவே கூடாது. இந்தக் கணக்கை அரங்கு வாசலில் யாரும் போடுவதில்லை. விலையைக் கூட்டுகிறோம், பத்து சதவீதக் கழிவைக் கழிக்கிறோம், பர்ஸைப் பார்க்கிறோம். பக்கங்களை மட்டும் கூட்டுவதே இல்லை.

வீட்டில் படிக்காத நூல்கள் குவிவதற்கு ஆசையோ சோம்பலோ முதல் காரணம் அல்ல என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நாம் ஒரு செலவை எண்ணுகிறோம், இன்னொன்றை எண்ணாமல் விடுகிறோம். 300 ரூபாய் நூலுக்கு 300 ரூபாய்தான் செலவு என்று நினைக்கிறோம். ஆனால் அதைப் படிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அந்தப் பணத்தைவிட அந்த நேரம்தான் அரிது. பணக் கணக்கைச் சரிசெய்து குவியலைக் குறைக்க முடியாமல் போவதும் இதனால்தான். "இந்த ஆண்டு ஒரு நூல்கூட வாங்க மாட்டேன்" என்று சபதம் போடுபவர்கள் பெரும்பாலும் அடுத்த காட்சியில் விட்டதற்கும் சேர்த்து வாங்குகிறார்கள். சபதம் கையைத்தான் கட்டுகிறது. எவ்வளவு படிக்க முடியும் என்ற தவறான மதிப்பீடு அப்படியே இருக்கிறது.

அந்த மதிப்பீடு ஏன் தவறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. கால் ஜாபர்மன், ஜான் லின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வருங்காலத்தில் தங்களுக்கு இன்றைவிட அதிக ஓய்வு இருக்கும் என்று மக்கள் நம்புவதையும், பணத்தைப் பற்றி அதே அளவு நம்பிக்கை அவர்களுக்கு இல்லாததையும் காட்டினார்கள். அடுத்த மாதச் சம்பளம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அடுத்த மாத ஓய்வு எவ்வளவு என்பதில் நாம் எப்போதும் தாராளம். 1994-இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இன்னும் அப்பட்டமானது. பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். இந்த இரண்டு ஆய்வுகளுமே புத்தகம் வாங்குவதைப் பற்றியவை அல்ல. ஆனால் அரங்கில் நின்று 900 பக்க நாவலைக் கையில் எடுக்கிறவர் மனத்தில் ஓடுவது இதே நினைப்புத்தான்: மே மாத விடுமுறையில் படித்துவிடலாம். போன மே மாதம் என்ன ஆயிற்று என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வாங்குவதிலேயே வாசிப்பின் இன்பத்தில் ஒரு பங்கு முன்கூட்டிக் கிடைத்துவிடுகிறது. பின்னட்டை வாசகத்தைப் படித்து, உள்ளடக்கத்தை நோட்டமிட்டு, முன்னுரையில் இரண்டு பத்தியை நின்றபடியே படித்தால் அந்த நூலோடு அறிமுகம் ஆகிவிட்டது போன்ற நிறைவு வருகிறது. பில் போட்டு வாங்கியதும் அது உறுதிப்படுகிறது. படிக்காத நூல் யாரையும் ஏமாற்றாது; படித்த நூல் ஏமாற்றலாம். எனவே வீட்டுக்கு வந்த பிறகு அதைத் திறக்க வேண்டிய அவசரம் குறைந்துபோகிறது. எந்த வாசகர் வீட்டு அலமாரியிலும் இதன் தடயத்தைப் பார்க்கலாம். கண்ணாடித்தாள் உறை கிழிக்கப்படாத கெட்டி அட்டைத் தொகுதிகள். பதிப்பகம் வைத்துக் கொடுத்த புத்தகக்குறி முதல் பக்கத்திலேயே நிற்கும் நாவல். பதினான்காம் பக்கத்தில் மடித்துச் செருகிய பில். அந்த பில்லில் உள்ள தேதியைப் பார்த்தால், அந்த நூல் வந்து எத்தனை காட்சிகள் கடந்தன என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்பவர்கூட உடனே சில நியாயங்களைச் சொல்வார். அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. அவை எந்த நூலுக்குப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல். நாம் வாங்கும் நூல்களை அவற்றின் வேலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை படிப்பவை ஒரு வகை. தேவைப்படும்போது எடுத்துப் புரட்டுபவை இன்னொரு வகை: அகராதி, உரைநூல், கலைக்களஞ்சியம், சட்டநூல், சமையல் குறிப்பு. மூன்றாவது, நாம் விட்டால் அழிந்துபோகும் என்பதற்காகக் காப்பவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை யாரும் அகரத்திலிருந்து படித்துக்கொண்டு போவதில்லை. அதை வீட்டில் வைத்திருப்பவரைப் 'படிக்காமல் வாங்கியவர்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புரட்டும் நூலுக்கும் காக்கும் நூலுக்கும் உரிய நியாயத்தைப் படிக்கும் நூலுக்கு இரவல் வாங்கும்போதுதான் குவியல் வளர்கிறது. இதுவரை தொடாத துப்பறியும் நாவலைக் காட்டி "எப்போதாவது தேவைப்படும்" என்கிறோம். எல்லாக் கடையிலும் கிடைக்கும் நூலைக் காட்டி "பிறகு கிடைக்காது" என்கிறோம்.

முதல் மறுப்புக்கு எப்போதும் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவைத் துணைக்கு அழைப்பார்கள். மிலான் வீட்டில் ஏறத்தாழ 30,000 நூல்கள் வைத்திருந்தவர் அவர். நசீம் தாலிப் 2007-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டி, படித்த நூல்களைவிடப் படிக்காதவைதான் மதிப்புள்ளவை, நமக்குத் தெரியாததை அவை நினைவூட்டுகின்றன என்று வாதிட்டார். கேட்க இதமான வாதம். புத்தகம் வாங்குகிறவர்களிடையே அது இவ்வளவு புகழ்பெற்றதில் வியப்பில்லை. ஆனால் எக்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். இடைக்கால அழகியல் முதல் குறியியல்வரை எழுதியவர். அவருக்கு அந்த 30,000 நூல்களும் வேலைக்கூடம். அவர் தன் அலமாரிகளினூடே நடந்துபோய் ஒரு நூலை எடுத்துவரும் காணொளியைப் பலர் பார்த்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்து நேராகப் போகிறார். புரட்டும் நூலுக்கு இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: தேவைப்பட்டால் இரண்டு நிமிடத்தில் அது உங்கள் கைக்கு வருமா? பரணில், அட்டைப்பெட்டியில், வேறு நான்கு பெட்டிகளுக்குக் கீழே இருக்கும் நூல் குறிப்பு நூலாகாது. அது இருப்பதையே மறந்து இன்னொரு பிரதி வாங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இரண்டாவது மறுப்பு தமிழ்ச் சூழலுக்கே உரியது, வலுவானதும்கூட. தமிழில் நூல்கள் சீக்கிரம் மறைந்துவிடுகின்றன. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிட்ட பதிப்பகங்கள் இன்று முந்நூறு, இருநூறு என்று அச்சிடுகின்றன. பார்த்தபோது வாங்காவிட்டால் பிறகு பழைய புத்தகக் கடையில் தவம் கிடக்க வேண்டும் என்பது உண்மைதான். இந்த நியாயத்துக்குத் தமிழில் ஒரு பெரிய உதாரணமும் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்தது ஒரு லட்சத்தை ஒட்டிய நூல்களும் இதழ்களும். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதும் யாரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் எவற்றைச் சேர்த்தார் என்று கவனிக்க வேண்டும். நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், குஜிலிப் பதிப்பு, நின்றுபோன சிறு இதழ் என்று மற்றவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டவற்றையும் அவர் சேர்த்தார். காக்கும் நூல் என்றால் அதுதான்: வேறு எவரும் காக்காதது.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் பல விலைகளில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அதன் ஐந்து பாகங்களை இன்று வாங்காவிட்டால் எதுவும் அழியப்போவதில்லை. அதே நேரத்தில், ஒரு சிற்றூரின் வரலாற்றை உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தன் செலவில் 200 பிரதி அச்சிட்டிருந்தால், அதை அந்த நிமிடமே வாங்குங்கள். இந்த அத்தியாயத்தின் எந்த விதியையும் பார்க்க வேண்டாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். பெரிய பதிப்பகங்களின் நூல்கள் பெரும்பாலும் போய்ச் சேர்கின்றன. தனியாள் வெளியீடுகள்தான் நழுவிவிடுகின்றன. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு 'பதிப்பில் இல்லை' என்ற நிலையும் முன்போல் நிரந்தரம் அல்ல; பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டால் இருபது பிரதி அடித்துத் தர முடிகிற காலம் இது. ஆகவே "பிறகு கிடைக்காது" என்று தோன்றும்போது, கிடைக்காமல் போக என்ன காரணம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் வாங்குங்கள்.

வாங்குவோர் குறைந்தால் பதிப்பகம் எப்படிப் பிழைக்கும், எழுத்தாளருக்கு எப்படிக் காசு போகும் என்பது மூன்றாவது. பொருளாதாரமாக இது சரி. ஆனால் பதிப்பகத்தை நிலைநிறுத்துவது விற்பனை மட்டும் இல்லை, ஒரு நூலைப் படித்தவர் இன்னும் நான்கு பேரிடம் பேசுவதும்தான். வாங்கி அடுக்கியவர் ஒரு பிரதிக்குப் பணம் தருகிறார், அதோடு அந்த நூலின் பயணம் நின்றுவிடுகிறது. ஆதரிப்பதுதான் நோக்கம் என்றால் அதே நூலை வாங்கி, அதைப் படிக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுக்கலாம். ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு வாங்கித் தரலாம். பதிப்பகத்துக்குப் போக வேண்டிய பணமும் போகும், நூலும் படிக்கப்படும்.

பிள்ளைகளுக்காக என்ற நியாயமும் உண்டு. இதற்கு ஆதரவாக நல்ல ஆய்வே இருக்கிறது. ஜோவன்னா சிகோராவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் 31 நாடுகள் மற்றும் சமூகங்களில் சுமார் 1,60,000 பெரியவர்களின் தரவை ஆராய்ந்தார்கள். பதினாறு வயதில் வீட்டில் எத்தனை நூல்கள் இருந்தன என்பதற்கும், வளர்ந்த பின் அவர்களின் எழுத்தறிவு, கணக்கறிவுத் திறனுக்கும் தொடர்பு தெரிந்தது. நூலே இல்லாத வீட்டுக்கும் 80 நூல் இருந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆனால் 350-ஐத் தாண்டியதும் கூடுதல் நூல்களால் கூடுதல் பயன் அனேகமாக இல்லை. ஆயிரம் நூல் வைத்திருப்பவர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி இன்னும் ஐந்நூறு வாங்க இந்த ஆய்வு இடம் தரவில்லை. நூல் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் படிக்கும் பெரியவர்களும் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அப்பா வாங்குவதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை வாங்கத்தான் கற்றுக்கொள்ளும்.

இனி செய்முறை. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போலப் படியுங்கள். ஒவ்வொரு இரவும் அன்று படித்த பக்கங்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் வரும் சராசரி பலருக்குச் சங்கடமாக இருக்கும். அதைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், 'இந்த வாரம் கொஞ்சம் வேலை அதிகம்' என்று திருத்தவும் வேண்டாம். எல்லா வாரமும் கொஞ்சம் வேலை அதிகம்தான். சராசரி 20 பக்கம் என்றால் ஆண்டுக்கு 7,300 பக்கம். இதில் பாதியைத்தான் புதிய நூல்களுக்கு ஒதுக்கலாம். மறுபாதி ஏற்கெனவே வீட்டில் இருப்பவை, நூலகத்தில் எடுப்பவை, நண்பர் கட்டாயப்படுத்திக் கொடுப்பவை, திரும்பப் படிக்க ஆசைப்படுபவை ஆகியவற்றுக்குப் போய்விடும். ஆக 3,650 பக்கம். 250 பக்க நூல் என்றால் ஆண்டுக்குப் பதினைந்துக்குள். புத்தகக் காட்சியில் பத்து, மீதி மாதங்களுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் இடப்பக்கம் வாங்கிய நூலும் அதன் பக்க எண்ணிக்கையும், வலப்பக்கம் மாதந்தோறும் படித்த பக்கங்களும் எழுதுங்கள். விலையை எழுதவே வேண்டாம். இடப்பக்கம் வலப்பக்கத்தைத் தாண்டி எவ்வளவு ஓடுகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கடையில் 900 பக்க நூலைக் கையில் எடுக்கும்போது இந்த நோட்டு ஞாபகத்துக்கு வரும். புரட்டும் நூலையும் காக்கும் நூலையும் இதில் ஏற்றக் கூடாது, அவற்றுக்குத் தனிப் பக்கம். ஆனால் அங்கே எழுதும் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே ஏன் அந்த வகை என்று ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். எழுதப் போனால் பாதி நூல்கள் தாமாகவே முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும்.

புத்தகக் காட்சிக்கு இரண்டு முறை போக முடிந்தவர்கள் முதல் முறை பையில்லாமல் போகட்டும். அரங்கு எண்ணையும் நூல் பெயரையும் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பட்டியலில் பாதி ஏன் இருக்கிறது என்றே புரியாது. வெளியூரிலிருந்து ஒரே நாள் வருபவர்கள் உச்சிவரை சுற்றிப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, அதன்பின் வாங்கலாம். நூலைச் சோதிக்கப் பின்னட்டை உதவாது. அது விற்பதற்காக எழுதப்படுவது. நடுவில் ஏதாவது ஓரிடத்தில் திறந்து மூன்று பக்கம் படியுங்கள். மொழிபெயர்ப்பு நூலுக்கு இது கட்டாயம்; நடுப்பக்கத்தில் தமிழ் இடறினால் முன்பக்கத்துப் புகழுரை எதுவும் காப்பாற்றாது. இதை எந்த மாதத்தில் தொடங்குவேன் என்று உங்களையே கேளுங்கள். மாதத்தின் பெயர் வராமல் 'சீக்கிரம்' என்று பதில் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். வாங்கியவற்றில் ஒன்றை அன்றிரவே தொடங்கிவிடுவதும் நல்லது.

இணையத்தில் வாங்குவோருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "இன்னும் 150 ரூபாய்க்கு வாங்கினால் தபால் செலவு இலவசம்" என்ற வரியைப் பார்த்து, ஐம்பது ரூபாயை மிச்சப்படுத்த இருநூறு ரூபாய் நூலைக் கூடையில் போடுவது தினமும் நடக்கிறது. தபால் செலவைக் கொடுத்துவிடுங்கள், அதுதான் மலிவு. கூடையில் போட்டதை ஒரு வாரம் விட்டுவைத்துப் பிறகு பாருங்கள். கார்டு எண்ணைத் தளத்தில் சேமித்து வைக்காதீர்கள். முன்வெளியீட்டுத் திட்டத்தில் வரும் முழுத் தொகுப்புகளுக்கு ஒரே ஒரு விதி போதும்: அந்த எழுத்தாளரின் ஒரு நூலையாவது முழுதாகப் படித்து முடித்திருந்தால் மட்டும். மின்னூல்களும் பிடிஎஃப்களும் இடத்தை அடைப்பதில்லை என்பதால் கட்டற்று இறக்கிக்கொள்கிறோம். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தரும் நூல்கள் அங்கேயேதான் இருக்கப்போகின்றன. படிக்கும் அன்று இறக்கினால் போதும்.

படிக்காமல் வைத்திருக்கும் நூல் அப்படியே பத்திரமாகக் காத்திருக்கும் என்ற நினைப்பும் நம் தட்பவெப்பத்தில் செல்லாது. மலிவுத்தாள் சில ஆண்டுகளில் பழுத்து ஓரம் உதிர்கிறது. இராமபாணப் பூச்சி கட்டுப் பசையையும் அட்டையையும் தின்கிறது. கரையான் ஒரு மழைக்காலத்தில் ஓர் அடுக்கையே மண்ணாக்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் நூல்களை இழந்தவர்கள் ஏராளம். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள், குளியலறைச் சுவரை ஒட்டி வைக்கவே வேண்டாம், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். பரணும் அட்டைப்பெட்டியும்தான் மிக மோசமான இடங்கள். இருட்டு, புழுக்கம், யாரும் தொடாத நிலை மூன்றும் பூச்சிக்கு ஒருசேரக் கிடைக்கின்றன.

இதுவரை சொன்னது தன் வாங்குதலைக் கட்டுக்குள் வைக்க முடிந்தவர்களுக்கு. முடியாதவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1792 முதல் 1872 வரை வாழ்ந்த சர் தாமஸ் பிலிப்ஸ் உலகிலுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்று வாங்கினார். கையெழுத்துப் படிகள் மட்டும் ஏறத்தாழ 60,000. வீட்டில் மனிதர் புழங்க இடமில்லை, புத்தக வணிகர்களுக்குக் கடன் நிலுவை, குடும்பத்தோடு தீராத பிணக்கு. அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பை விற்றுத் தீர்க்க நூறாண்டுக்கு மேல் ஆனது. அரிய படிகள் பலவற்றை அவர் காத்தார் என்பதும் உண்மைதான், உடனிருந்தவர்கள் பட்ட பாடும் உண்மைதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் பொருள்களைக் கழிக்க முடியாமல் பதுக்கும் நிலையைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது; கட்டுப்பாடற்று வாங்குவதை அப்படித் தனியாகச் சேர்க்கவில்லை. பெயர் எதுவானாலும் அறிகுறிகள் தெளிவானவை. பார்சலை வீட்டாருக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுவருவது, விலையைக் குறைத்துச் சொல்வது, மனச்சோர்வு வந்தால் வாங்கினால்தான் தணிவது, வாங்கிய சிறிது நேரத்தில் குற்ற உணர்வு, மாதாந்தரக் கடன் தவணைக்குள் புத்தகம் புகுந்துவிடுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் நோட்டுப் போட்டுத் தீராது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பதுதான் வழி. வாங்குவது புத்தகம் என்பதால் மட்டும் வீட்டாரும் நண்பர்களும் இதை நல்ல பழக்கம் என்று பாராட்டிக்கொண்டிருப்பார்கள், அதனாலேயே சிகிச்சை தள்ளிப்போகும்.

ஏற்கெனவே குவிந்தவற்றை என்ன செய்வது? 400 நூல் படிக்காமல் இருந்தால் அது ஒரு லட்சம் பக்கம். நாளுக்கு 20 பக்கம் என்றால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல், அதுவும் இடையில் ஒன்றுகூட வாங்காவிட்டால். எல்லாவற்றையும் படித்துத் தீர்ப்பது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தட்டை எடுங்கள். ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, இது இன்று என்னிடம் இல்லாமல் கடையில் இருந்தால், இதே விலைக்கு வாங்குவேனா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு சாதாரணக் காபிக் கோப்பையைக் கையில் கொடுத்த உடனேயே, பெற்றவர்கள் அதை விற்க, மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். சொந்தமாகிவிட்டது என்பதற்காகவே மதிப்பு ஏறுகிறது. கடையில் இருப்பதாக நினைத்தால் அந்த ஏற்றம் இறங்கிவிடும். ஆம் என்று பதில் வந்த நூலுக்கு ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்துவதில் பாவம் ஒன்றுமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூலைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் வேறு நூலுக்குத் தாவ வழியில்லை.

கழிப்பவற்றை மொத்தமாக மூட்டை கட்டி அருகிலுள்ள கிளை நூலகத்தில் இறக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் இருக்கிற நூலுக்கே இடம் போதாது. முதலில் நூலகரிடம் பட்டியலைக் காட்டி எவை வேண்டும் என்று கேளுங்கள். சிறுவர் நூல்களையும் நல்ல நிலையிலுள்ள நாவல்களையும் பள்ளிகள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும். திருவல்லிக்கேணி நடைபாதை போன்ற பழைய புத்தகக் கடைகளுக்குக் கொடுத்தால் விலை சொற்பம்தான், ஆனால் தேடுகிறவர் கையில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். பழைய போட்டித்தேர்வு வழிகாட்டிகள், காலாவதியான வருமான வரிக் கையேடுகள், பத்தாண்டுக்கு முந்தைய கணினிப் பாடநூல்கள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போக வேண்டும். அவற்றை நூலகத்துக்குத் தருவது நூலகருக்குத் தரும் வேலை. சிறு இதழ்கள், ஊர் மலர்கள், கோயில் தலவரலாறுகள், 1950-களுக்கு முந்தைய எதுவும் இருந்தால் எடைக்குப் போடும் முன் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று பட்டியலிட்டு ரோஜா முத்தையா ஆய்வு நூலகம் போன்ற இடத்துக்கு எழுதிக் கேளுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு நூலையும் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறுங்கள்: பழைய கடிதம், போட்டோ, சில நேரம் நூறு ரூபாய் நோட்டுகூட விழும்.